தட்டாத கைகள்: சகுராபா பற்றிய கேள்வி பதில்

ஜப்பானின் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் கசுஷி சகுராபாவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஜூடோ கற்றுக்கொடுப்பவன். மூட்டுகளைத் திருகும் பூட்டுப் பிடிகளும் அவற்றால் வரும் காயங்களும் எனக்குத் தெரிந்த துறை. பதில்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய வாசகர்: ஐயா, சகுராபா யார்? அவரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

1969 ஜூலை 14 அன்று ஜப்பானின் வடக்கே அகிதா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளியிலும், பிறகு டோக்கியோவின் சூவோ பல்கலைக்கழகத்திலும் மல்யுத்தம் பயின்றார். 1992-இல் யு.டபிள்யு.எஃப். இன்டர்நேஷனல் என்ற தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஆட்டத்தின் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதுதான். ஆனால் பயிற்சி உண்மையானது. இங்கிலாந்தின் பழைய கேட்ச் மல்யுத்தத்தில் ஊறிய பில்லி ராபின்சன் அங்கே பிடிகளைக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில், தரைப்பிடிக் கலையான ஜூஜிட்சுவில் பெயர்பெற்ற பிரேசிலின் கிரேசி குடும்பத்தின் கைகளைச் சிக்க வைத்த கிமுரா என்ற தோள் பூட்டு சகுராபாவிடம் வந்த வழி அதுதான்.

1997 அக்டோபரில் அவருடைய மூத்தவர் நொபுஹிகோ தகாதா, டோக்கியோ டோமில் நடந்த, பிரைடு என்ற ஜப்பானியக் கலப்புத் தற்காப்புக் கலைத் தொடரின் முதல் போட்டியில் ரிக்சன் கிரேசியிடம் எளிதாகத் தோற்றார். ஜப்பானிய மல்யுத்த வீரர்களின் மானமே போயிற்று என்று பேச்சு எழுந்தது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 21 அன்று, யோகஹாமாவில் யு.எஃப்.சி. என்ற அமெரிக்கக் கலப்புத் தற்காப்புக் கலை நிறுவனத்தின் போட்டி. சகுராபாவுக்கு எதிராளி பிரேசிலின் மார்கஸ் சில்வேரா. காலைப் பிடிக்க சகுராபா குனிந்ததை, அடிபட்டு விழுந்ததாக எண்ணி நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பதிவைப் பார்த்த பிறகு அந்த முடிவு ரத்தானது. வேறொரு வீரர் கை உடைந்து விலகியதால் அதே இரவில் அதே இருவரும் மீண்டும் மோதினார்கள். சில்வேராவின் முழங்கையை நீட்டி, மடங்கும் திசைக்கு எதிராக வளைக்கும் ஆர்ம்பார் பூட்டில் சகுராபா வென்றார். தொழில்முறை மல்யுத்த வீரர்கள் உண்மையில் வலிமையானவர்கள் என்று அன்று மேடையிலேயே சொன்னார்.

அதன் பிறகு பிரைடு மேடை. வெர்னன் வைட், கார்லோஸ் நியூட்டன், விட்டர் பெல்ஃபோர்ட் என்று ஒவ்வொருவராகத் தோற்றார்கள். பெரிதாகப் பேசுவதற்கு இவ்வளவே போதும். ஆனால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

புள்ளிவிவர ஆர்வலர்: மொத்தக் கணக்கு என்ன?

26 வெற்றி, 17 தோல்வி, 1 சமன், 2 செல்லாத ஆட்டங்கள். இந்த எண்களை மட்டும் வைத்து அவரை எடைபோடாதீர்கள். அந்த 17-இல் பல, அவரைவிடக் கனமானவர்களிடம் வாங்கியவை.

பத்தாம் வகுப்பு மாணவர்: கிமுரா பூட்டு எப்படிப் போடுவது ஐயா? தம்பியிடம் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, மற்றொரு கையை அவர் மேற்கையின் அடியில் நுழைத்து, உங்கள் மணிக்கட்டையே பற்றிக்கொள்வதுதான் அந்தப் பிடி. பிறகு அவர் கை முதுகுப் பக்கமாகத் திருகப்படும். இதில் வலி தாமதமாக வரும். தசைநார் திடீரென்று போய்விடும். தட்டுவது என்றால் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது. வலிக்கட்டும், பிறகு தட்டலாம் என்று காத்திருப்பவருக்குத் தோள் மிஞ்சாது. ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், மெதுவாகச் செய்யுங்கள், பிடியில் சிக்கியவர் தட்டிய கணமே விடுங்கள். சிக்கியது நீங்களானால் தயங்காமல் தட்டுங்கள்.

கல்லூரி மாணவி: தொண்ணூறு நிமிட ஆட்டம் உண்மையா? ஒரு மனிதரால் அது எப்படி முடியும்?

உண்மை. 2000 மே 1, டோக்கியோ டோம், பிரைடு கிராண்ட் பிரீ காலிறுதி. எதிரே ராய்ஸ் கிரேசி, முதல் யு.எஃப்.சி. போட்டியை வென்றவர். கிரேசி தரப்பு தனி விதிகள் கேட்டது: பதினைந்து நிமிடச் சுற்றுகள், எத்தனை சுற்று என்ற வரம்பு கிடையாது, புள்ளிகள் கிடையாது, நடுவர் நிறுத்தக்கூடாது. ஒருவர் தட்ட வேண்டும், அல்லது அவருடைய ஆட்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எறிய வேண்டும்.

இந்த விதிகளில் தனக்கே சாதகம் என்று ராய்ஸ் நம்பியிருக்க வேண்டும். நீண்ட நேரம் காத்திருந்து எதிராளியைக் களைக்க வைப்பது அந்தக் குடும்பத்தின் பழைய வழி. சகுராபா அந்தப் பொறுமையையே பறித்தார். ராய்ஸ் அணிந்து வந்த ஜூஜிட்சு அங்கியைப் பிடித்து இழுத்து அவரையே அதில் சிக்க வைத்தார். ராய்ஸ் தரையில் படுத்தால் தானும் விழுந்து மாட்டிக்கொள்ளாமல் நின்றபடியே காலில் உதைத்தார். நின்றாலும் காலில் உதைத்தார். சுற்றுக்குச் சுற்று அந்தக் கால் செயலிழந்துகொண்டே போனது. ஆறாவது சுற்று முடிந்தபோது ராய்ஸால் தொடர முடியவில்லை. அண்ணன் ரோரியன் துண்டை எறிந்தார்.

அந்தத் துண்டை நான் மதிக்கிறேன். அந்த இரவில் மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அது.

அதே இரவில் சகுராபா அரையிறுதிக்கும் வந்தார். தொண்ணூறு நிமிடம் ஆடிய உடம்போடு, இகோர் வோவ்சான்சின் என்ற கனமான உக்ரைன் வீரரோடு பதினைந்து நிமிடம் மோதினார். கூடுதல் சுற்றுக்கு முன் அவருடைய தரப்பும் துண்டை எறிந்தது. இதுவும் சரியான முடிவு.

ஜூஜிட்சு மாணவர்: ராய்ஸை விடுங்கள். 1999-இல் ராய்லர் கிரேசி தட்டவே இல்லை. நடுவர் பரிசளித்த வெற்றியை வைத்துக் கிரேசி வேட்டைக்காரர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். நியாயமா?

நடந்தது இது. 1999 நவம்பர் 21, எட்டாவது பிரைடு. சகுராபாவைவிட ராய்லர் மிகவும் இலகுவானவர். இரண்டாம் சுற்றில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக எஞ்சியிருந்தபோது ராய்லரின் கை கிமுரா பூட்டில் சிக்கியது. கை பின்னால் வளைந்துகொண்டே போனது, அவர் தட்டவில்லை, நடுவர் நிறுத்தினார். எடை வித்தியாசத்தைச் சொல்லி இந்த வெற்றியின் மதிப்பைக் குறைத்தால் ஒப்புக்கொள்கிறேன். நடுவர் நிறுத்தியது தவறு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டக்காரர் தட்டாதபோதும் கையைக் காப்பாற்றுவதற்காகத்தான் நடுவர் அங்கே நிற்கிறார்.

மல்யுத்த வீரர்: ஜூஜிட்சுக்காரர்கள் எப்போதும் இப்படித்தான். தோற்றால் விதி சரியில்லை என்பார்கள். தட்டாதவன்தான் உண்மையான வீரன் என்றால், கை உடையட்டும் என்று விட்டிருக்க வேண்டியதுதானே?

ஜூஜிட்சு மாணவர்: ஆமாம், விட்டிருக்க வேண்டும். அது ராய்லரின் கை, ராய்லரின் முடிவு. அவர் தப்பித்திருந்தால் நேரம் முடிந்திருக்கும், தோல்வியும் இல்லை.

இரண்டு பேரும் நிறுத்துங்கள். இதற்கு நான் நீளமாகவே பதில் சொல்கிறேன். எனக்கு முக்கியமான விஷயம் இது.

1951 அக்டோபரில் ரியோவின் மரகானா அரங்கில் ஜப்பானின் மசாஹிகோ கிமுரா, ராய்லரின் தந்தை எலியோ கிரேசியை இதே பூட்டில் பிடித்தார். எலியோ தட்டவில்லை. கை உடைந்தது. கடைசியில் அண்ணன் கார்லோஸ் துண்டை எறிந்தார். கிரேசி குடும்பம் அந்த நாளைப் பெருமையோடு நினைவுகூர்கிறது. அந்தப் பூட்டுக்குக் கிமுராவின் பெயரையே வைத்து மரியாதையும் செய்தது. ஆனால் கவனியுங்கள், அந்தப் பெருமைக் கதையிலும் ஒருவர் துண்டை எறிந்துதான் எலியோவைக் காப்பாற்றினார். களத்தின் ஓரத்தில் இருந்த ராய்லரின் ஆட்கள் 1999-இல் அதைச் செய்யவில்லை. செய்யாத வேலையை நடுவர் செய்தார்.

2000 ஆகஸ்டில், பத்தாவது பிரைடில், ரென்சோ கிரேசி. சகுராபாவின் முதுகுப் பக்கம் நின்று இறுகப் பிடித்திருந்தார். சகுராபா நின்றபடியே ரென்சோவின் மணிக்கட்டைப் பற்றி, உடலைத் திருப்பி, அதே பூட்டோடு தரையில் வீழ்த்தினார். முழங்கை இடம் பெயர்ந்துவிட்டது. ரென்சோவும் தட்டவில்லை, நடுவர் நிறுத்தினார். ஆனால் ரென்சோ விதியைக் குறை சொல்லவில்லை, சாக்குச் சொல்லவில்லை. ஒலிவாங்கியை வாங்கி, சகுராபாதான் சிறந்தவர் என்று அரங்கத்திடம் சொன்னார். அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான்.

ஜூஜிட்சு மாணவரே, "அது அவருடைய கை, அவருடைய முடிவு" என்கிறீர்கள். நாளை உங்களிடம் படிக்க ஒரு சிறுவன் வருவான். அவனிடமும் இதைத்தான் சொல்வீர்களா?

ஜூஜிட்சு மாணவர்: சிறுவனிடம் சொல்ல மாட்டேன். ஆனால் ராய்லர் சிறுவன் அல்லவே. உங்கள் சகுராபாவும் தட்டாமல் நின்றவர்தான். அதை மட்டும் உறுதி என்று புகழ்கிறீர்கள்.

இது சரியான கேள்வி. சகுராபாவின் உறுதியை நான் மதிக்கிறேன். அந்த உறுதியை மற்றவர்கள் செலவழித்த விதத்தை மன்னிக்க முடியாது. கீழே அடுத்த கேள்விகளில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று வாசகர்கள், தனித்தனியாக: ராய்லர் உண்மையில் தட்டினாரா, இல்லையா?

தட்டவில்லை. மேலே எழுதியிருக்கிறேன்.

எடை தூக்கும் வீரர்: வாண்டர்லே சில்வாவிடம் மூன்று முறை தோற்றாரே?

2001 மார்ச்சில் முதல் தோல்வி, 98 நொடிகளில். தரையில் இருப்பவரின் தலையை உதைக்கவும் முட்டியால் தாக்கவும் பிரைடு அனுமதித்தது அந்தப் போட்டியிலிருந்துதான். ஏறக்குறைய 93 கிலோ எடையுள்ள சில்வாவுக்கு அது வசதியான விதி. அதே ஆண்டு நவம்பரில் பட்டத்துக்காக மறுபடி. கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து, முதல் சுற்றோடு மருத்துவர் நிறுத்தினார். 2003-இல் மூன்றாவது முறை, அடிபட்டு நினைவிழந்தார். இடையில் 2002 ஆகஸ்டில், குத்துகளுக்கும் உதைகளுக்கும் பெயர்பெற்ற கனமான மிர்கோ க்ரோ காப்போடு மோதவிட்டார்கள். கண்குழி எலும்பு உடைந்தது.

இந்த ஆட்டங்களை யார் ஒப்புக்கொண்டார்கள்? சகுராபாதான். ஆனால் டிக்கெட் விற்கும் ஒரே ஜப்பானியராக அவர் இருந்ததால், ஏற்பாட்டாளர்கள் அவர் முன்னால் பெரிய பெரிய ஆட்களாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முடியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அவருக்காகச் சொல்லவும் ஆள் இல்லை. என் கோபம் அங்கேதான்.

விமர்சகர்: அவருக்குச் சாதகமாக எதுவுமே நடக்கவில்லையா?

நடந்தது. 2000 ஜனவரியில் கை மெட்ஸ்கர் என்ற அமெரிக்க வீரரோடு ஆடிய ஆட்டம். மெட்ஸ்கர் குறுகிய அறிவிப்பில் வந்தவர். பதினைந்து நிமிடம் ஒரே சுற்று என்று நம்பியிருந்தார். நடுவர்கள் கூடுதல் சுற்று கேட்டதும் அவருடைய பயிற்சியாளர் கென் ஷாம்ராக் ஆத்திரத்தோடு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று மெட்ஸ்கர்தான் முன்னிலையில் இருந்தார்.

இரவுப் பணியாளர்: ஸ்மிர்னோவாஸ் ஆட்டத்தைப் பார்த்து மெய்சிலிர்த்தேன். உங்களுக்கும் பிடிக்குமா?

பிடிக்காது. 2006 ஆகஸ்ட், ஜப்பானின் ஹீரோஸ் என்ற போட்டித் தொடர். லிதுவேனியாவின் ஸ்மிர்னோவாஸ் அவரை அடித்து வீழ்த்தி, தரையில் கிடந்தவரைத் தொடர்ந்து அடித்தார். எந்த நாளிலும் நிறுத்த வேண்டிய கட்டம் அது. நடுவர் நிறுத்தவில்லை. சகுராபா எழுந்தார், பிறகு ஆர்ம்பாரில் வென்றார். வெற்றியை மட்டும் வெட்டி எடுத்த துண்டுக் காட்சிகளைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். முழு ஆட்டத்தையும் பாருங்கள். அதற்குப் பிறகு பயிற்சியில் உடல்நலம் குன்றி அடுத்த சுற்றிலிருந்து அவர் விலக நேர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 31-இல் யோஷிஹிரோ அகியாமாவோடு ஆட்டம். எதிராளியின் உடல் வழுக்குகிறது என்று சகுராபா ஆட்டத்தின் நடுவிலேயே கத்தினார். நடுவர் காதில் வாங்கவில்லை. சகுராபா அடிபட்டுத் தோற்றார். பிறகுதான் அகியாமா உடலில் வழுக்கும் க்ரீம் பூசி வந்தது தெரிந்து, முடிவு ரத்தானது. அந்த அடிகளை யாரும் ரத்துசெய்ய முடியாது.

2010 டிசம்பர் 31-இல் மாரியஸ் சரோம்ஸ்கிஸ் ஆட்டத்தில் காது கிழிந்து தொங்கியது. மருத்துவர் நிறுத்தினார். அப்போது சகுராபாவுக்கு வயது 41.

கபீப் ரசிகர்: சகுராபாவும், பின்னாளில் யு.எஃப்.சி. சாம்பியனான கபீப் நூர்மகமெதோவும் மோதினால்?

வேறு காலம், வேறு எடை, வேறு விதிகள். இந்த வகைக் கேள்விகளுக்கு இன்று பதில் இல்லை. இதே போல வந்த மற்றவற்றையும் ஒதுக்கிவிட்டேன்.

இன்னொருவர்: அவர் புகைபிடிப்பார், மது அருந்துவார் என்கிறார்களே, அதுதான் ரகசியமா?

அவர் அதை மறைத்ததில்லை. ரகசியம் அது அல்ல. பின்பற்றாதீர்கள்.

பழைய ரசிகர்: 2007-இல் ராய்ஸ் பழிதீர்த்தாரே?

ஜூன் 2, லாஸ் ஏஞ்சலிஸ். புள்ளிகளில் ராய்ஸ் வென்றார். பிறகு நாண்ட்ரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து அவர் உடலில் கண்டறியப்பட்டது. வேறென்ன சொல்ல.

முழங்கால் வலியுள்ளவர்: பயிற்சிக்குப் பிறகு முழங்கால் வீங்குகிறது, என்ன செய்யலாம்?

எலும்பு மருத்துவரிடம் போங்கள். நாளைக்கே.

ஜூஜிட்சு மாணவர்: கடைசியாக ஒன்று. இப்போது அவர் என்ன செய்கிறார்? யு.எஃப்.சி. அவரை மதித்ததா?

2017 ஜூலையில் யு.எஃப்.சி. புகழ்க்கூடத்தில் முன்னோடிகள் பிரிவில் சேர்த்தார்கள். அதைவிட 2018-இல் அவரே தொடங்கிய குவின்டெட் போட்டி எனக்குப் பெரிது. ஓர் அணியில் ஐந்து பேர். குத்து, உதை எதுவும் இல்லை. பிடிகளும் பூட்டுகளும் மட்டும். வென்றவர் களத்திலேயே நிற்க, எதிரணியிலிருந்து அடுத்தவர் வருவார். சமன் என்றால் இருவரும் வெளியேற வேண்டும். முதல் போட்டியில் ஓர் அணியின் மொத்த எடை 430 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்தார். இருவருக்கும் எடை வித்தியாசம் அதிகமானால் ஆட்ட நேரம் எட்டு நிமிடத்திலிருந்து நான்காகக் குறையும். சில்வாவும் க்ரோ காப்பும் எதிரே நின்ற காலத்தில் இவருக்காக யாரும் இப்படி ஒரு விதி எழுதவில்லை.

நீங்களும் மல்யுத்த வீரரும் முதலில் ரென்சோ ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். பூட்டு விழும் இடத்தை மெதுவாக ஓட்டி, ரென்சோவின் பிடி எந்தக் கணத்தில் அவருக்கே எதிராகத் திரும்புகிறது என்று எழுதி அனுப்புங்கள். அதை வைத்து அடுத்த முறை தொடரலாம்.