தேவசாயல்: எல்லையின் இரு பக்கமிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பழைய ஏற்பாட்டுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ‘மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்பதன் பொருள் என்ன’ என்பது குறித்துக் கேள்வி அனுப்பலாம் என்று சொன்னதற்கு, தமிழக–கேரள எல்லையின் இரு பக்கமிருந்தும் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வந்துவிட்டன. என் துறைக்குள் வருபவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (களியக்காவிளை): எங்கள் வீட்டில் அம்மா மலையாள வேதாகமமும் அப்பா தமிழ் வேதாகமமும் வாசிப்பார்கள். ஆதியாகமம் 1:26இல் மலையாளத்தில் ‘ஸ்வரூபம், சாத்ருஸ்யம்’ என்றிருக்கிறது. தமிழில் ‘சாயல், ரூபம்’ என்றிருக்கிறது. சாயல் என்றால் ஆத்துமா, ரூபம் என்றால் சரீரம் என்று ஒரு கன்வென்ஷனில் போதித்தார்கள். இது சரியா, ஐயா?

பதில்: சரியன்று. மூலத்தில் இருப்பவை ‘செலெம்’, ‘தெமூத்’ என்னும் இரண்டு எபிரெயச் சொற்கள். செலெம் என்பது செதுக்கிய அல்லது வார்த்த உருவத்தைக் குறிக்கும் மிகச் சாதாரணமான சொல். 1 சாமுவேல் 6இல் பெலிஸ்தர் பொன்னால் செய்த சுண்டெலிகளுக்கும், எண்ணாகமம் 33இல் அழிக்கச் சொல்லப்பட்ட விக்கிரகங்களுக்கும் இதே சொல்தான் வருகிறது. தெமூத் என்பது ஒத்திருத்தலைக் குறிப்பது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதற்சொல்லைச் ‘சாயல்’ என்றும் இரண்டாவதை ‘ரூபம்’ என்றும் பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ முதற்சொல்லை ‘உரு’ என்றும் இரண்டாவதைச் ‘சாயல்’ என்றும் பெயர்க்கிறது. அதாவது ஒன்றில் முதற்சொல்லுக்கு நிற்கும் ‘சாயல்’ மற்றொன்றில் இரண்டாம் சொல்லுக்கு நிற்கிறது. அந்தப் போதகர் கையிலிருந்த வேதாகமம் மாறியிருந்தால், அவருடைய போதனையில் ஆத்துமாவும் சரீரமும் இடம் மாறியிருக்கும். மொழிபெயர்ப்புச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கோட்பாடு கட்டாதீர்கள். இதை நான் இன்னும் சிலமுறை சொல்ல நேரிடும் என்று அஞ்சுகிறேன்.

மூலநூலும் அந்த இரண்டு சொற்களையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. 1:27இலும் 9:6இலும் செலெம் மட்டும் வருகிறது; 5:1இல் தெமூத் மட்டும் வருகிறது; ஆதாமுக்குச் சேத் பிறந்ததைச் சொல்லும் 5:3இல் இரண்டும் வரிசை மாறி வருகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் இரேனேயு என்னும் ஆயர் இவற்றைப் பிரித்து, ஒன்று மனிதனுக்குக் கொடுக்கப்பட்டது, மற்றொன்று அவன் வளர்ந்து அடையவேண்டியது என்று விளக்கினார். அது ஆழமான இறையியல்தான். ஆனால் எபிரெய இலக்கணம் அதற்குச் சாட்சி சொல்லாது. 1979இல் சிரியாவின் தெல் ஃபெகரியே என்னுமிடத்தில் ஓர் ஆட்சியாளரின் சிலை கண்டெடுக்கப்பட்டது. அதில் பொறித்துள்ள அரமேயக் கல்வெட்டு, அந்த ஒரே சிலையை இவ்விரு சொற்களின் இனச்சொற்களாலும் மாறி மாறி அழைக்கிறது.

சிலை என்பதுதான் இங்கே திறவுகோல். பழைய மேற்காசியாவில் அரசன் தன் சிலையை நிறுத்தினால், அந்த இடம் அவன் ஆட்சிக்குட்பட்டது என்று பொருள். அசீரியாவில் அரசனைத் தெய்வத்தின் உருவம் என்றார்கள். எகிப்தில் துட்டன்காமுன் என்னும் பெயருக்கே ‘ஆமோனின் உயிருள்ள உருவம்’ என்பதுதான் பொருள். நம் பகுதிக்கும் இந்த எண்ணம் அந்நியமன்று. 1750இல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, தெய்வத்தின் தாசனாக நின்று ஆண்டார். அந்த அரசகுலத்துக்குத் திருப்பாப்பூர் ஸ்வரூபம் என்று பெயர். உங்கள் அம்மா வாசிக்கும் அந்தச் சொல்லேதான்! தெய்வத்தின் பெயரால் நிற்கும் தகுதி அரண்மனைக்கு உரியது என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், அதை ஆணும் பெண்ணுமாகிய எல்லா மனிதருக்கும் கொடுத்ததே ஆதியாகமம் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து.

கேள்வி (பாறசாலை): அப்படியானால் கடவுளுக்குக் கை, கால் உண்டா?

பதில்: இல்லை என்பதே சபைகளின் பொதுவான போதனை. சிலை அரசனைக் குறிக்கிறது என்றால், அரசன் கல்லால் ஆனவன் என்று ஆகிவிடாது.

கேள்வி (இரணியல், கல்லூரி மாணவர்): விலங்குகளுக்கு இல்லாத பகுத்தறிவுதானே தேவசாயல், சார்?

பதில்: பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் கற்பித்தார்கள். பழைய சபைத்தந்தையாகிய அகுஸ்தீன் நினைவு, அறிவு, சித்தம் ஆகிய மூன்றிலும் திரித்துவத்தின் தடத்தைக் கண்டார். இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் அறிவையே முதன்மைப்படுத்தினார். ஆனால் ஆதியாகமம் 1ஆம் அதிகாரத்தில் அறிவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த விளக்கம் கிரேக்கத் தத்துவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கேள்வி (குலசேகரம், ஒரு தாய்): என் மகனுக்குப் பதினேழு வயது. மூளை வளர்ச்சி குறைவு என்று மருத்துவச் சான்றிதழ் உண்டு. ‘அவனுக்குள் தேவசாயல் முழுமையாக இல்லை, பரலோகத்தில் சரியாகிவிடும்’ என்று சபையில் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பதில்: அம்மா, அவர் ஆறுதல் சொல்லத்தான் நினைத்தார் என்று நம்புவோம், ஆனால் சொன்னது தவறு. சாயல் என்பதை அறிவு, பேச்சு, ஒழுக்கம் என்று மனிதனுக்குள் இருக்கும் ஒரு சரக்காக எண்ணினால், அதை அளக்கலாம். அளக்க முடிந்தால் ஒருவனிடம் நிறைவாகவும் ஒருவனிடம் குறைவாகவும் இருக்கும் என்று சொல்ல வேண்டியதாகும். அப்போது உங்கள் மகன் மட்டுமல்லர், உறங்குகிறவனும், பிறந்த குழந்தையும், நினைவு தப்பிய முதியவரும் அதே தராசில் ஏறவேண்டியிருக்கும். வேதம் ஓரிடத்திலும் அப்படிப் பேசவில்லை. ஜலப்பிரளயத்துக்குப் பின், மனித இருதயத்தின் நினைவுகள் பொல்லாதவை என்று கடவுளே சொன்ன பின்னும், மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டபடியால் அவன் இரத்தத்தைச் சிந்தக்கூடாது என்று 9:6 சொல்கிறது. அங்கே கொல்லப்படுகிறவனின் அறிவையோ குணத்தையோ யாரும் விசாரிக்கவில்லை. யாக்கோபு 3:9, எந்த மனிதனையும் சபிக்கலாகாது என்பதற்கு இதே காரணத்தைக் காட்டுகிறது. ஆகவே சாயல் என்பது கடவுள் மனிதனை நிறுத்திய நிலை. பிறர் அவனை எப்படி நடத்தவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் மகன் அந்த நிலையில் முழுமையாகவே நிற்கிறான். உங்களிடம் அப்படிப் பேசியவரும் அதே நிலையில் நிற்கிறார் என்பதால், அவர்மேல் எனக்கு வரும் கோபத்தையும் அடக்கிக்கொள்கிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை): 1 கொரிந்தியர் 11:7 ஆணைத் தேவனுடைய சாயல் என்றும், பெண்ணை ஆணின் மகிமை என்றும் சொல்கிறதே?

பதில்: பெண் சாயல் அல்லள் என்று பவுல் அங்கே எழுதவில்லை, எழுதியிருந்தால் ஆதியாகமம் 1:27இல் உள்ள ‘ஆணும் பெண்ணுமாக’ என்பதோடு மோதியிருப்பார். தலையை மூடுவது பற்றிய வாதம் அது. நான்கு வசனங்கள் தள்ளி, கர்த்தருக்குள் ஆணில்லாமல் பெண்ணும் பெண்ணில்லாமல் ஆணும் இல்லை என்று அவரே சமன் செய்கிறார். அந்த ஒரு வரியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவரிடம், முழு அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பூவார்): செயற்கை நுண்ணறிவுக்குத் தேவசாயல் வருமா?

பதில்: அறிவே சாயல் என்பவர்கள்தான் இதற்குக் கவலைப்பட வேண்டும்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): ஆதமை இறைவன் தன் உருவில் படைத்தான் என்று நபிமொழியாகிய ஹதீஸிலும் உள்ளது. இரண்டும் ஒன்றா?

பதில்: புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் அது இருக்கிறது. அதில் ‘தன்’ என்பது யாரைச் சுட்டுகிறது என்பதிலேயே உங்கள் அறிஞர்களிடம் நீண்ட விவாதம் உண்டு. அதை மார்க்க அறிஞராகிய ஓர் ஆலிமிடம் கேட்பதே முறை.

கேள்வி (அகஸ்தீஸ்வரம்): அய்யாவழியினரின் வழிபாட்டிடமான சுவாமித்தோப்புப் பதியில் விக்கிரகம் இல்லை, கண்ணாடி இருக்கிறது. அதுவும் தேவசாயல்தானே?

பதில்: நல்ல கேள்வி. அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தலையில் துணி கட்டும் உரிமைகூட மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகையோடு கண்ணாடிக்கு முன்னே நிற்கச் சொன்னார். அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கம் நாட்டிய நாராயண குருவும், 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோடத்தில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். நான் சொன்ன அரசனின் சிலையும் இந்தத் தலைப்பாகையும் தூரத்து உறவினர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறுபாடும் உண்டு. 2 கொரிந்தியர் 3:18இல் பவுலும் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் அதில் தெரிவது பார்க்கிறவனின் முகமன்று, கர்த்தருடைய மகிமை. ‘அந்தச் சாயலாக’ மறுரூபமாகிறோம் என்கிறார்.

கேள்வி (மார்த்தாண்டம்): வேதத்தையும் பதியையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். நம் பெண்களுக்கு மேலாடை வாங்கித் தந்தது மிஷனரிமார் போதித்த தேவசாயல்தான், கண்ணாடியன்று.

பதில்: வேறுபாட்டையும் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அந்தப் பதிலின் கடைசி மூன்று வாக்கியங்களை மீண்டும் வாசியுங்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காகப் போராடிய மேலாடை வரலாற்றையும் முழுவதுமாகப் பாருங்கள். 1829 அரசாணை கிறிஸ்தவ நாடார் பெண்களுக்குக் குப்பாயம் என்னும் சட்டை அணிய இடம் கொடுத்து, உயர்சாதிப் பெண்களைப் போல மார்பின்மேல் மேல்சீலை போடுவதைத் தடுத்தது. 1859 பிரகடனம் எல்லா நாடார் பெண்களுக்கும் உடலை மூட அனுமதித்தபோதும், உயர்சாதிப் பாணியை மட்டும் விலக்கியே வைத்தது. தெருவில் அடிபட்டும் துணியைக் கழற்ற மறுத்த அந்தப் பெண்களை இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால், வாங்கித் தந்தவர்களின் கதை மட்டுமே மிஞ்சும்.

கேள்வி (நெய்யாற்றின்கரை): மார்த்தாண்டத்து அன்பருக்கு நான் ஒன்று சொல்கிறேன். திருவிதாங்கூரில் அடிமைகளை வைத்திருந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்களே? அவர்கள் ஆதியாகமம் வாசிக்கவில்லையா?

பதில்: வாசித்தார்கள். நிலமுள்ள சுரியானிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிமைகளை வைத்திருந்தன. 1855இல் அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை வரும்வரை அது நடந்தது. நான்காம் நூற்றாண்டிலேயே நீசா நகர் ஆயர் கிரகோரி, ‘தேவசாயலுக்கு என்ன விலை கொடுத்தாய்’ என்னும் கருத்துப்படப் பிரசங்கித்துவிட்டார். அதைக் கேட்ட பிறகும் சபைகள் பதினைந்து நூற்றாண்டு எடுத்துக்கொண்டன. மார்த்தாண்டத்து அன்பரும் நெய்யாற்றின்கரை அன்பரும் இதற்கு மேல் ஆளுக்கு ஐந்து செய்திகள் அனுப்பியிருக்கிறீர்கள். யார் சபை முந்தியது என்ற கணக்கு இந்தத் தலைப்புக்குள் வராது. இருவரும் ஒருவரையொருவர் அழைத்த பெயர்களுக்கு யாக்கோபு 3:9ஐ மீண்டும் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி (அருமனை): ‘ஆளக்கடவர்கள்’ என்றிருக்கிறதே, மலையை உடைத்துக் கல் எடுப்பதும் அந்த ஆளுகைதானே?

பதில்: ஆளும்படி சொல்லப்பட்ட அந்த மனிதனுக்கு மூன்று வசனங்கள் தள்ளி உணவாகக் கொடுக்கப்பட்டவை பூண்டுகளும் கனிகளும் மட்டுமே, இறைச்சி 9ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஆளப்படும் உயிரைத் தின்னவும் உரிமையில்லாத ஆளுகை அது. 2:15 தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் சொல்கிறது. குவாரிக்கு அனுமதி வேண்டுமானால் வேறு அதிகாரம் தேடுங்கள். அது வேதத்தில் இல்லை.

கேள்வி (கொல்லங்கோடு): கடவுளுக்கு முகம் உண்டா? நமக்கு அவர் சாயல் என்றால்...

பதில்: பாறசாலை அன்பருக்குச் சொன்னதே. இது நான்காவது முறை.

கேள்வி (திங்கள்சந்தை): ரூபம் என்பது ஆவி, சாயல் என்பது...

பதில்: முதற்பதில். மொழிபெயர்ப்புச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கோட்பாடு கட்டாதீர்கள்.

கேள்வி (குலசேகரம், அதே தாய்): நன்றி, ஐயா. இன்னும் ஒன்று மட்டும். ஆராதனையில் காணிக்கைப் பை ஏந்த என் மகனுக்கு ஆசை. பையைப் பிடித்துக்கொண்டு நடக்க அவனுக்கு நன்றாகவே தெரியும். கமிட்டியில், பார்ப்பவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்கிறார்கள். என்ன சொல்லிக் கேட்பது?

பதில்: போதகருக்கும் கமிட்டிக்கும் ஒரே கடிதமாக எழுதிக் கொடுங்கள், அம்மா. வசனம் போடுவதானால் ஆதியாகமம் 1:27 ஒன்று போதும். என் விளக்கம் எதையும் சேர்க்கவேண்டாம், அதைப் பிடித்துக்கொண்டு விவாதம் தொடங்கிவிடுவார்கள். எந்த ஞாயிறு முதல் அவன் ஏந்தப்போகிறான் என்று தேதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.