டிஜிட்டல் மிக்ஸரை மேடையில் வைத்துவிட்டு லேப்டாப்பில் இருந்து இயக்கலாமா? நிகழ்ச்சி நடுவில் கைவிட்டுவிடாதா?

இயக்கலாம். ஏழு வருடமாக நான் அப்படித்தான் இயக்குகிறேன். ஒரே ஒரு நாள் கைவிட்டது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே நிறைய எழுதப் போகிறேன், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய பதில் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் இருந்து நான் புரிந்துகொண்டது இது. கல்யாண மண்டபத்துக்கு 16 சேனல் டிஜிட்டல் மிக்ஸர், அதாவது பல மைக், வாத்தியங்களின் சத்தத்தைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி, வாங்கியிருக்கிறீர்கள். மேடை ஓரத்தில் வைக்க இடம் இருக்கிறது, ஹாலுக்குள் மேஜை போட இடம் இல்லை. அதனால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்காரலாமா என்று யோசிக்கிறீர்கள். இதற்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "போர்டு முன்னால் உட்காராதவன் சவுண்ட்காரனே இல்லை, இதெல்லாம் விளையாட்டு" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுடையது மைக் செட் குடும்பம். சாத்தூர் பக்கம். அப்பா காலத்தில் அஹுஜா ஆம்ப்ளிபயர், நாலு கூம்பு ஸ்பீக்கர், இரண்டு மைக், இவ்வளவுதான் சொத்து. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது அப்பா ஆம்ப்ளிபயர் பக்கத்தில் இருக்கவே மாட்டார். கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொள்வார். ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், எட்டு ஒன்பது வயது. தோள் துண்டை இடது கையில் பிடித்தால் பாட்டு மைக், வலது கையில் பிடித்தால் குடம். துண்டை உயர்த்தினால் ஏற்று, தாழ்த்தினால் இறக்கு. காது அங்கே, கை இங்கே. நடுவில் ஒரு துண்டு. தூரத்தில் இருந்து இயக்குவது நேற்று வந்த விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஜனங்கள் கேட்கும் இடத்தில் நின்று கேட்காமல் சத்தத்தைச் சரி செய்ய முடியாது. மேடைக்குப் பக்கவாட்டில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுபிடியை, பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு வரவேற்பு. மெல்லிசைக் குழு, இரண்டு பாடகர்கள், கீபோர்டு, பேட் (எலக்ட்ரானிக் டிரம்), தபேலா, கிட்டார். மிக்ஸர் மேடைப் பெட்டி வகை. பேடரும் கிடையாது, குமிழும் கிடையாது, எல்லாமே திரையில்தான். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். தப்பு என்னுடையது, பெட்டியுடையது இல்லை. அதற்குள்ளேயே வைபை இருந்தது. லேப்டாப்பை அதில் இணைத்து, ஹாலின் பின்னால் சாப்பாட்டுக்கூட வாசல் பக்கம் உட்கார்ந்தேன். மாலை ஐந்து மணிக்கு காலி ஹாலில் செக் பண்ணும்போது தண்ணீர் மாதிரி ஓடியது. இங்கே விரலை வைத்தால் அங்கே சத்தம் நகர்ந்தது.

ஏழரை மணிக்கு ஹால் நிறைந்தது. உட்கார்ந்தவர்கள் எண்ணூறு பேர், நின்றவர்கள் வேறு. எல்லார் பையிலும் போன். மண்டபத்து வைபை ஒரு பக்கம், வீடியோக்காரர்கள் கேமராவில் இருந்து எல்இடி திரைக்குக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி இன்னொரு பக்கம். என் மிக்ஸரின் வைபையோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். அந்த அலைவரிசையில் ஓடும் அத்தனை கருவியும் அந்த மூன்றுக்குள் இடித்துக்கொள்ள வேண்டும். அது போதாது என்று மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். காலி ஹாலில் கிடைத்த சிக்னலுக்கும் நிறைந்த ஹாலில் கிடைக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூன்றாவது பாட்டில் பாடகி மானிட்டர் பக்கம், அதாவது பாடுபவருக்குத் தன் குரல் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர் பக்கம், குனிந்தார். மைக் கத்த ஆரம்பித்தது. லேப்டாப்பில் அந்த மானிட்டரின் அளவை இறக்கினேன். திரையில் இறங்கியது. ஹாலில் இறங்கவில்லை. இன்னும் இறக்கினேன், திரையில் அடிமட்டத்துக்கே போய்விட்டது. விசில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் ஒரு பாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். பெட்டியில் திருப்ப ஒரு குமிழ் கூட இல்லை. கடைசியில் மானிட்டர் பாக்ஸின் பின்னால் கையை விட்டு பவரை அணைத்தேன்.

பையில் இரண்டு மீட்டர் நெட்வொர்க் கேபிள் ஒன்று இருந்தது. லேப்டாப்பை நேரடியாகப் பெட்டியில் சொருகி, பேட் வாசிப்பவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து மீதி நிகழ்ச்சியை முடித்தேன். ஹாலில் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் என்னுடன் வேலை பார்க்கும் தம்பியைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். அவனிடம் துண்டு இல்லை. கைக்குட்டையை வைத்து ஏற்று, இறக்கு என்று காட்டினான்.

இதில் இருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது முதலில் இது. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் பாட்டு போவதில்லை. கட்டளை மட்டும்தான் போகிறது. அதனால் இணைப்பு அறுந்தாலும் சத்தம் நிற்காது, கடைசியாக வைத்த அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு நிகழ்ச்சிக்கு இது பாதுகாப்பு. மைக் கத்தும் நேரத்தில் இதுவே ஆபத்து.

இரண்டாவது, கட்டளை போகும் விதம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32, மிடாஸ் எம்32 ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், அவை பேசுவது ஓஎஸ்சி (ஓபன் சவுண்ட் கன்ட்ரோல்) என்ற மொழி. 1997 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் பிறந்தது. யுடிபி என்ற அனுப்பும் முறையில், மிக்ஸரின் போர்ட் 10023-க்கு (போர்ட் என்பது நெட்வொர்க்கில் ஒரு கதவு எண் மாதிரி) "முதல் சேனல் பேடர் 0.75" என்று அனுப்பினால் அந்தப் பேடர் 0 டெசிபலில், அதாவது கூட்டாமல் குறைக்காமல் விடும் அளவில், போய் நிற்கும். 1 என்று அனுப்பினால் கூட்டல் 10 டெசிபல். எக்ஸ்ஆர்18 வகைப் பெட்டிகளும் இதே மாதிரிதான், போர்ட் மட்டும் 10024. யுடிபி என்பது தபால் பெட்டியில் கார்டு போடுகிற மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிக் கேட்பதில்லை. மிக்ஸரில் நடக்கும் மாற்றங்கள் நம் திரைக்கு வர வேண்டுமென்றால், "நான் இருக்கிறேன்" என்று 10 நொடிக்குள் ஒருமுறை மிக்ஸருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அது அனுப்புவதை நிறுத்திவிடும். கம்பெனி கொடுக்கும் மென்பொருளே இதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இணைப்பு அறுந்ததை அந்த மென்பொருள் நமக்குச் சொல்வதற்குச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிக்குள்தான் பாட்டி காதைப் பொத்தினார்.

என் அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். இதைச் சொன்னதும் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தான். நொடிக்கு ஒருமுறை மிக்ஸரிடம் அதன் பெயரைக் கேட்கும், பதில் வராவிட்டால் லேப்டாப் திரையின் மூலையில் ஒரு கட்டம் சிவப்பாகும். அவ்வளவுதான். ஆனால் சிவப்பானால் பேடரை இழுப்பதில் நேரத்தை விடாமல் உடனே எழுந்து ஓடலாம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய செட் வைத்திருக்கும் அண்ணன்மார் யாராவது படித்தால், "இது தெரியாதா" என்று கேட்க வேண்டாம். உங்களுக்கு இது எழுதப்படவில்லை, புதிதாக வாங்கியவருக்கு எழுதப்பட்டது.

மிக்ஸரின் உள் வைபையை அணைத்துவிடுவேன். மிக்ஸரில் இருந்து நல்ல நெட்வொர்க் கேபிள் ஒன்று ஹாலின் பின்பக்கம் வரும். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம், எந்த மண்டபத்துக்கும் அது போதும். அந்தக் கேபிள் என் சொந்த ரவுட்டரில் சேரும். லேப்டாப் ரவுட்டரில் கேபிளால் இணைந்திருக்கும். அப்புறம் ஒரு டேப்லெட், 5 கிகாஹெர்ட்ஸ் வைபையில். ஹாலைச் சுற்றி நடந்து கேட்பதற்கும், மேடைக்குப் போய்ப் பாடகருக்கு மானிட்டர் வைத்துக் கொடுப்பதற்கும் அது. வைபை போனால் நடக்கிற வசதிதான் போகும், பிடி போகாது. ரவுட்டரை மேஜையில் வைக்காதீர்கள், ஸ்பீக்கர் ஸ்டாண்டில் தலைக்கு மேலே ஏற்றுங்கள்.

முகவரியை நீங்களே எண் போட்டுக் கொடுங்கள். மிக்ஸருக்கு 192.168.77.2, லேப்டாப்புக்கு 192.168.77.5 என்பது போல. 77 எதற்கு என்றால், மண்டபத்து இணைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில்தான் இருக்கும். ஒரு தடவை என் லேப்டாப் கேபிளில் மிக்ஸரோடும் வைபையில் மண்டபத்தோடும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தது. இரண்டும் அதே 192.168.1 வரிசை. கட்டளை மிக்ஸருக்குப் போகாமல் மண்டபத்து ரவுட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், யாரும் அதற்கு எண் கொடுக்கவில்லை என்று அர்த்தம். கேபிளையோ ரவுட்டரையோ பாருங்கள்.

விண்டோஸில் அந்த நெட்வொர்க்கைத் தனிப்பட்டது என்று குறியுங்கள், இல்லையென்றால் பயர்வால் வழியை மறிக்கும். தூங்கப் போகும் அமைப்பை அணையுங்கள், அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் சிம் இருந்தால் மொபைல் டேட்டாவை அணையுங்கள். "இந்த வைபையில் இணையம் இல்லை" என்று அது தானாக வேறு பக்கம் தாவிவிடும்.

யுஎஸ்பி கேபிளைச் சொருகிவிட்டு "ஏன் பேடர் நகரவில்லை" என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலான மிக்ஸர்களில் யுஎஸ்பி என்பது ரெக்கார்டிங்குக்கு. எக்ஸ்32 என்றால் 32 சேனலும் அதில் போகும். மிக்ஸர் கம்பெனி தரும் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு நெட்வொர்க் கேபிள்தான். சவுண்ட்கிராப்ட் யுஐ வகையாக இருந்தால் மென்பொருளே வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும்.

வைபை கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். மாப்பிள்ளையின் தம்பி கேட்டாலும் கொடுக்காதீர்கள். எக்ஸ்32 மாதிரி மிக்ஸர்களில் ஓஎஸ்சிக்குப் பூட்டே கிடையாது. அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எந்தப் போனும் இலவச ஆப் ஒன்றை இறக்கிப் பேடரை நகர்த்தலாம். இதே காரணத்தால், வீட்டில் இருந்து இணையம் வழியாக மிக்ஸரை இயக்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடுவது மகா தப்பு. அவசியம் என்றால் விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) போட்டு, மண்டபத்து லேப்டாப்புக்குள் நுழைந்து அதில் இருந்து இயக்குங்கள். ஆனால் காது இல்லாத இடத்தில் இருந்து ஏன் இயக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மண்டபக்காரர் என்பதால். உங்கள் ஹாலில் சவுண்ட்காரருக்கு மேஜை போட ஆறடி இடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோ கிரேனுக்கு இடம் இருக்கிறது, செல்பி எடுக்கும் பூ வளைவுக்கு இடம் இருக்கிறது. பணமும் அப்படித்தான். சமையலுக்கும் போட்டோவுக்கும் அட்வான்சிலேயே பாதி போய்விடும். மைக் செட்டுக்கு மட்டும் "மொய் எண்ணிட்டுத் தர்றேன் அண்ணாச்சி" என்பார்கள். அப்பா இறந்த பிறகு அவருடைய நோட்டைப் பார்த்தேன். 41 பேர் பாக்கி. சிலது ஐம்பது ரூபாய். எல்லாரும் தெரிந்தவர்கள், எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் அவர் கடைசி வரிசையில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். உங்கள் மண்டபத்தில் மைக் செட் வாடகையை மண்டப வாடகையோடு சேர்த்து முன்னாலேயே வாங்கி அவரிடம் கொடுத்துவிடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். உங்களால் முடியும்.

கேபிள் விஷயத்தில் ஒன்று பாக்கி. மண்டபம் உங்களுடையது என்பதால் தரையில் டேப் ஒட்டி இழுக்க வேண்டியதில்லை, மேடையில் இருந்து பின்சுவர் வரை பைப் போட்டு நிரந்தரமாக விட்டுவிடலாம். மின்கம்பி போகும் பைப்பிலேயே விடாதீர்கள், தனிப் பைப் போடுங்கள். அதில் ஒரே கேபிளாக விடாமல் இரண்டாக இழுத்து, இரண்டு முனையிலும் 1, 2 என்று எழுதி வையுங்கள். எங்கள் ஊர் மண்டபத்தில் நான் இழுத்த முதல் கேபிளை ஆறு மாதத்தில் எலி கடித்துவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது இரண்டாவதைத்தான் சொருகினேன்.