உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக உயிர்களின் எண்ணிக்கை ஏன் குறைகிறது?

கேள்விக்குக் கீழே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்து சதவீதம்தான் போகும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மிச்சம் தொண்ணூறு எங்கே போகிறது?" இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றது தானாக வந்துவிடும்.

எங்களுக்குத் திருவாரூர் பக்கம் கொஞ்சம் நஞ்சை உண்டு. சின்ன வயதில், அறுப்பு சமயத்தில் எலி பிடிக்க ஆள் வருவார்கள். வரப்பில் வளையை வெட்டிக்கொண்டே போனால், உள்ளே ஓர் அறையில் நெற்கதிர்களைக் கற்றை கற்றையாகத் திணித்து வைத்திருக்கும். அதைச் சாக்கில் அள்ளிக்கொள்வார்கள். ஒரு தடவை, அப்போதுதான் அடித்துப் போட்ட எலியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

உங்கள் தொண்ணூறில் பெரும்பங்கு அந்தச் சூடுதான். எலி தின்ற நெல்லில் கொஞ்சம்தான் எலியாகிறது. மற்றதெல்லாம் மூச்சுவிட, ஓட, வளை தோண்ட, உடம்பைச் சூடாக வைத்திருக்க எரிந்து, வெப்பமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. அந்த வெப்பத்தைத் திரும்பப் பிடித்துத் தின்ன எந்தப் பிராணியாலும் முடியாது. செரிக்காதது புழுக்கையாக விழுகிறது, அது மண்புழுவுக்கும் பூஞ்சைக்கும். நெற்பயிரே இப்படித்தான். வயலில் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் பிடிக்கிறது, அதிலும் ஒரு பகுதியைத் தானே செலவழித்துவிடுகிறது.

எலியைப் பிடிக்க வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டு வைப்போம். ராத்திரி கூகை என்ற ஆந்தை வந்து அதில் உட்காரும். காலையில் குச்சிக்கு அடியில் பார்த்தால், கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகக் கக்கியது அது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டை ஓடு உடையாமல் வரும், ஆரஞ்சு நிற முன்பற்களோடு. அந்த எலும்பில் இருக்கும் சத்தும் கூகைக்குச் சேராதது, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து சதவீதம் என்பதைச் சட்டம் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டாம், அது தோராயமான சராசரி. கூகைக்கு ராத்திரிதோறும் இரை வேண்டும், ஏனென்றால் அது சூட்டு ரத்தப் பிராணி. சாரைப்பாம்பு ஓர் எலியை விழுங்கிவிட்டு நாள் கணக்கில் சும்மா கிடக்கும். உடம்பைச் சூடாக்கும் செலவு அதற்கு இல்லை என்பதால், தின்றதில் கூடுதலான பங்கு சதையாகிறது. இந்த வரவு செலவை முதன்முதலில் ஒழுங்காக எழுதியவர் ரேமண்ட் லிண்டேமன் என்ற சூழலியல் ஆய்வாளர், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வைத்து. அந்தக் கட்டுரையை முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1942-இல் அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. இறக்கும்போது வயது 26.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். படிக்குப் படி இவ்வளவு கழிந்துபோனால், ஒரு கூகையைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கில் எலி வேண்டும், அந்த எலிகளுக்கு எவ்வளவோ நெல் வேண்டும். மேலே இருப்பவர்கள் கொஞ்சமாகத்தான் இருக்க முடியும். கொஞ்சமாக இருப்பதால் அடிபட்டால் எழுந்திருக்கவும் நாளாகும். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஒரு தாளடியில், அதாவது குறுவை அறுத்த பிறகு நடும் இரண்டாம் போக நெல்லில், புகையான் தெரிந்தது. பயிரின் அடித்தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சின்னப் பழுப்புப் பூச்சி. கடையில் கொடுத்த பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடித்தோம். இரண்டு நாள் வயல் சுத்தமாக இருந்த மாதிரி தெரிந்தது. அப்புறம் முன்னைவிட மோசம், வட்ட வட்டமாகக் கருகி, நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. நடந்தது என்னவென்றால், புகையானைத் தின்னும் சிலந்திகள் மருந்தில் போய்விட்டன. புகையானின் முட்டைகளோ இலையுறைக்குள் செருகப்பட்டிருந்ததால் மருந்து எட்டவில்லை. ஒரு வாரம் போல ஆனதும் பொரித்து வெளியே வந்த குஞ்சுகளைத் தின்ன ஆளே இல்லை. சிலந்தி திரும்பப் பெருகி வருவதற்குள் பயிர் போய்விட்டது.

எங்களுக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். இந்தோனேசியாவில் இதே புகையான் நாட்டையே ஆட்டியது. 1986-இல் அந்த அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டது.

இப்போது புகையான் என்றால் முதலில் குனிந்து பயிரின் அடியை விலக்கி எண்ணிப் பார்க்கிறோம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: சிலந்தி இல்லையென்றால் தூருக்கு, அதாவது கிளைத்து நிற்கும் ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி கண்டாலே மருந்தை யோசிக்க வேண்டும். குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட நாற்று கிளைத்து நிற்கும் முழுக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் இருபது தூர் என்று வைத்துக்கொண்டால், ஒற்றைச் சிலந்தியை நம்பி இருபது பூச்சி கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறோம். கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் உணவுப் படிகளைக் காட்டும் உங்கள் பாடப்புத்தகத்தின் முக்கோணப் படம் எங்கள் வயலில் அந்த அளவுக்குச் சின்னதாக நிற்கிறது.