வட்டி அப்படியே நிற்கிறது, செலவு ஏறிக்கொண்டே போகிறது: என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வயது 64. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றேன். சொந்த வீடு. வங்கியில் 40 லட்சம் எஃப்.டி., 7% வட்டி. பி.எஃப். பென்ஷன் 2,600 ரூபாய். ஓய்வு பெற்றபோது மாதம் 20,500-ல் ஓடிய குடும்பம் இன்று 29,000 கேட்கிறது. ஊருக்கு வெளியே 18 லட்சம் பெறுமானமுள்ள மனை ஒன்று, மகனுக்கென்று சும்மா கிடக்கிறது. அவனிடம் பணம் கேட்க மனம் வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் மாதம் 2% வட்டி தரும் இடம் இருப்பதாகச் சொல்கிறார். போடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். மாதம் 2% என்றால் ஆண்டுக்கு 24%. நேர்மையான தொழிலில் அவ்வளவு வட்டி கொடுத்துவிட்டு ஒருவர் லாபமும் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. இப்படி ஏமாந்தவர்களுக்காகவே தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டம் போட்டார்கள். சட்டம் இருக்கிறது, சரி. போன பணம் திரும்பி வர எத்தனை வருடம் ஆகும் என்பது வேறு கதை.

இப்போது உங்கள் கணக்கு. எஃப்.டி. வட்டி மாதம் சுமார் 23,300, பென்ஷனோடு 25,900. மாதம் 3,100 ரூபாய் துண்டு விழுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வருகிற வட்டி முழுவதும் செலவாகிவிடுகிறது, அசல் வளரவே இல்லை. உங்கள் செலவு ஏறிய வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 6%. இதே வேகத்தில் போனால் 76 வயதில் 58,000 ரூபாய் வேண்டும். அரசு ஊழியர் பென்ஷனில் அகவிலைப்படி ஏறும், பி.எஃப். பென்ஷனில் அது கிடையாது. ஆகவே கிடைக்கிற வட்டியை ஒன்றிரண்டு சதவீதம் கூட்டினால் மட்டும் போதாது. பணத்தில் ஒரு பங்காவது கை படாமல் வளர வேண்டும். 40 லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய இடமில்லை.

அதனால் மனையை விற்கச் சொல்கிறேன். கேட்க வருத்தமாக இருக்கும். பிள்ளைக்கு நாலு சென்ட் நிலமாவது விட்டுப்போக வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன ஆசை. ஆனால் வாடகையும் இல்லை, விளைச்சலும் இல்லை. முள் வெட்டவும் கல் நடவும் செலவு வேறு. உங்கள் 75-வது வயதில் மகன் கடன் வாங்கி உங்களைப் பார்க்க வேண்டி வந்தால், அந்த மனையால் அவனுக்கு என்ன லாபம்? அவனிடமே பேசிப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் நாம் நினைக்கிற அளவுக்கு அந்த மனையை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய மனை என்றால், லாபத்தில் 12.5% வரி, அல்லது பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20% வரி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரியும் செலவும் போகக் கையில் 56 லட்சம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு. தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். ஒருவர் பெயரில் உச்ச வரம்பே 30 லட்சம்தான். வட்டி 8.2%, தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். இந்த 'மூன்று மாதம்' கொஞ்சம் ஏமாற்றும். 61,500 மொத்தமாக வந்த மாதம் கை தாராளமாகிவிடும், மூன்றாவது மாதம் இழுபறி. வட்டி விழுகிற கணக்கை வீட்டுச் செலவுக்குத் தொடாதீர்கள்; அதிலிருந்து மாதாமாதம் 1-ம் தேதி 20,500 இன்னொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு 10 லட்சம் வங்கி எஃப்.டி.யிலேயே இருக்கட்டும், ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு என்று பிரித்து. 6.5% கிடைத்தாலும் மாதம் 5,400. பென்ஷனையும் சேர்த்தால் 28,500 ஆகிவிடும். 4 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று தனியே, எப்போது கேட்டாலும் எடுக்கிற மாதிரி. மீதி 12 லட்சம்தான் வளர வேண்டிய பணம். பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைபிரிட் மியூச்சுவல் ஃபண்டில், மொத்தமாகப் போடாமல் ஒரு வருடத்துக்குப் பிரித்துப் போடுங்கள். ஏழெட்டு ஆண்டு தொடாதீர்கள். ஆண்டுக்கு 9% வளர்ந்தால் எட்டு ஆண்டில் இரட்டிப்பாகும். வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நடுவில் ஒரு வருடம் 12 லட்சம் 10 லட்சமாகத் தெரிந்தாலும் தூக்கம் கெடாது என்றால் மட்டும் செய்யுங்கள்.

செலவுப் பக்கம் காய்கறியிலும் பாலிலும் கையைச் சுருக்கி மிச்சம் பிடிப்பது சொற்பம். மருந்துச் சீட்டை எடுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால், அந்த அட்டையில் கம்பெனிப் பெயரோடு மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன் என்று மருந்தின் பெயரும் இருக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அதே மருந்தை விலை குறைவாகக் கிடைக்கும் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்குங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தால் இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரை வீடு தேடியே வரும். அப்புறம் மொய். ஆவணியிலும் தையிலும் வரிசையாக அழைப்பிதழ் வந்தால் அந்த மாதக் கணக்கு காலி. மொய்ச் செலவு, வீட்டு வரி, தீபாவளி எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். நீங்கள் சொன்ன 29,000-ல் இவை இருக்கின்றனவா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மகனிடம் கேட்க ஒன்றே ஒன்று உண்டு: உங்களுக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். 65 வயதுக்கு மேல் பாலிசி கிடையாது என்ற தடை 2024-ல் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. மகன் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவன் என்றால் அவனுக்கு 50,000 வரை கழிவும் உண்டு. சர்க்கரை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மே போய்விடும்.

எல்லா எஃப்.டி.யையும் நாளைக்கே உடைக்க வேண்டாம், அபராதம் பிடிப்பார்கள். ஒவ்வொன்றும் முதிர முதிர மாற்றுங்கள். சேமிப்புத் திட்ட வட்டி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், அந்த ஆண்டு உங்களுக்கு வரியே வராது என்றால், வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தை (முன்பு 15எச் என்று சொல்வார்கள்) ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். கணக்கு தொடங்கும்போது மனைவியைக் கூட்டுக் கணக்குதாரராகவும் நாமினியாகவும் போடுங்கள். உங்களுக்குப் பிறகு பி.எஃப். பென்ஷனில் பாதிதான் அவருக்கு வரும். எந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.