கொலையைத் துப்பறியும் பக்கத்து வீட்டுக்காரர்கள்: கேள்வி பதில்

ஒரு சின்ன ஊர், ஒரு கொலை. கண்டுபிடிப்பவர் போலீஸ்காரர் அல்ல. பேக்கரி நடத்துபவர், நூலகர், ஓய்வுபெற்ற டீச்சர், இப்படி யாரோ ஒருவர். கோஸி மிஸ்டரி என்று சொல்லப்படும் இந்தத் தொலைக்காட்சிப் படங்களை இருபது வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. கொலையாளி யார் என்று எங்கேயும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

அக்கா, சாதாரண துப்பறியும் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தமிழில் இதற்குப் பேர் உண்டா?

கொலை பெரும்பாலும் நம் கண் முன்னால் நடக்காது. ரத்தம், சித்திரவதை, கெட்ட வார்த்தை எதுவும் இருக்காது. துப்பறிபவர் சம்பளத்துக்காகச் செய்வதில்லை, அந்த ஊரில் ஒருவராக வாழ்ந்துகொண்டே செய்கிறார். தமிழில் நிலைத்த பெயர் எதுவும் இல்லை. நான் வீட்டில் 'திண்ணைத் துப்பறிவு' என்பேன். திண்ணையில் உட்கார்ந்தபடி தெருவில் யார் எப்போது போனார்கள், யார் முகம் வாடியிருந்தது என்று கவனிக்கிற பாட்டிகளின் அறிவுதான் இது.

போலீஸுக்குத் தெரியாதது ஒரு பேக்கரிக்காரிக்கு எப்படித் தெரியும்? நம்பவே முடியவில்லையே மேடம்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். நல்ல கோஸி படத்தில் துப்பு கிடைப்பது அதிர்ஷ்டத்தால் இல்லை. துப்பறிபவரின் அன்றாட வேலையிலிருந்து, வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து அது கிடைக்கும்.

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் கிராமத்துக் கிழவி மிஸ் மார்ப்பிள். அவர் வரும் கதைகளில் ஒன்று, நூலக அறையில் கிடக்கும் பிணத்தைப் பற்றியது. பிபிசி அதை 1984 டிசம்பரில் படமாக ஒளிபரப்பியது. கம்பளத்தின் மேல் ஓர் இளம்பெண் கிடக்கிறாள். மினுமினுக்கும் வெள்ளை உடை, முகம் நிறையப் பூச்சு. இன்ஸ்பெக்டர் ஸ்லாக் ஓடியாடி விசாரிக்கிறார். மார்ப்பிள் கவனிப்பது அந்தப் பெண்ணின் விரல்களை. நகங்கள் கடித்துக் கடித்துக் குட்டையாகியிருக்கின்றன. உடையும் புதிதல்ல, பழையது. வீட்டு வேலைக்கு வந்த எத்தனையோ இளம்பெண்களைப் பழக்கிய ஒரு கிழவிக்கு இவை என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

மார்ப்பிள் எப்போதும் ஒரு புதிய ஆளைத் தன் கிராமத்து ஆள் ஒருவரோடு ஒப்பிட்டுத்தான் புரிந்துகொள்வார். பணக்காரக் கனவானைப் பார்த்ததும், சில்லறையில் ஏமாற்றிய கடைப் பையன் ஞாபகத்துக்கு வருவான். மனிதர்கள் எங்கேயும் ஒன்றுதான் என்பது அவருடைய ஆராய்ச்சி முறை. போலீஸிடம் கைரேகை இருக்கலாம், ஆனால் இந்த அனுபவம் இல்லை.

எனக்கு ஒரு படம் பிடிக்கிறதா என்பதையும் இதை வைத்தே முடிவு செய்வேன். பேக்கரிக்காரி பேக்கரிக்காரியாக இருந்ததால் கண்டுபிடித்தாரா? ஆம் என்றால் நல்ல படம். அவருக்குப் பதில் ஒரு பூக்கடைக்காரியை வைத்தாலும் கதை மாறாது என்றால், கடை வெறும் அலங்காரம்தான்.

மார்ப்பிளாக நிறையப் பேர் நடித்திருக்கிறார்களே, யார் சிறந்தவர்?

ஜோன் ஹிக்சன். மேலே சொன்ன பிபிசி படத்தின் மார்ப்பிள் இவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐடிவி என்ற இன்னொரு பிரிட்டிஷ் சேனலில் நடித்த ஜெரால்டின் மெக்இவான், ஜூலியா மெக்கென்சி இருவரையும் ரசிக்கலாம். ஆனால் அந்தத் தொடரில் மார்ப்பிள் இல்லாத கிறிஸ்டி கதைகளிலும் அவரைக் கொண்டுவந்து நுழைத்தார்கள், அது எனக்கு உடன்பாடில்லை.

ஹிக்சன் தொடங்கியபோது அவருக்கு வயது 78. 1992-க்குள் பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களையும் முடித்தார். பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரு நாடகத்தில் அவரைப் பார்த்த கிறிஸ்டி, ஒருநாள் நீங்கள் என் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினாராம். 1976-ல் கிறிஸ்டி இறந்துவிட்டதால் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஹிக்சன் பின்னல் ஊசியோடு மூலையில் உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவர் பொய் சொல்லும்போது ஊசி நின்றுவிட்டால், அந்த வெளிர்நீலக் கண்களை மட்டும் பாருங்கள். குரல் உயராது. எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்.

கேபட் கோவ் என்ற குட்டி ஊரில் அத்தனை கொலையா? அந்த ஊருக்கு யார்தான் குடிபோவார்கள்?

தெரியாதவர்களுக்காக: அது 'மர்டர், ஷி ரோட்' தொடரின் ஊர். ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்த ஜெசிகா ஃப்ளெட்சர், கணவரை இழந்த ஆங்கில டீச்சர், துப்பறியும் நாவலாசிரியை. 1984-ல் இரண்டு மணி நேரப் படமாகத் தொடங்கி, 1996 வரை 264 பகுதிகள் ஓடியது. அப்புறம் நான்கு தொலைக்காட்சிப் படங்களும் வந்தன. இப்படி ஒரு சிற்றூரில் கொலைகள் குவிவதற்கே 'கேபட் கோவ் நோய்' என்று பெயர் வந்துவிட்டது. எழுதியவர்களுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் ஜெசிகா அடிக்கடி ஊர் ஊராகப் பயணம் போகிறார், 1991-ல் நியூயார்க்கில் ஒரு வீடும் எடுத்துக்கொள்கிறார்.

கதைப்படி ஊர் இருப்பது மெய்ன் மாநிலத்தில், அட்லாண்டிக் கரையில். நாம் பார்ப்பது கலிபோர்னியாவின் மெண்டசினோ, பசிபிக் கரை.

ஹால்மார்க் படங்களில் எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கிறதே சார்?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை. ஹால்மார்க் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம். அதன் படங்கள் பெரும்பாலும் எல்லாம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடுக்கப்படுபவை. வான்கூவரைச் சுற்றி ஃபோர்ட் லாங்லி போன்ற ஊர்கள் அமெரிக்கச் சிற்றூராக நடிக்கின்றன. அங்கே வரிச் சலுகை கிடைக்கும், பழகிய தொழில்நுட்பக் கலைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று வாரங்களில் ஒரு படத்தை முடித்துவிடுகிறார்கள்.

அவற்றில் எதைப் பார்க்கலாம்?

2015-ல் தொடங்கிய ஹானா ஸ்வென்சன் படங்கள். மினசோட்டாவில் பேக்கரி நடத்தும் பெண். முதல் கதையில் பால் வண்டிக்காரர் அவருடைய கடைக்குப் பின்னாலேயே இறந்து கிடக்கிறார். அலிசன் ஸ்வீனி அந்த வேடத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறார். அப்புறம், அதே ஆண்டு தொடங்கிய அரோரா டீகார்டன் வரிசை. நூலகரான அரோரா, பழைய உண்மைக் குற்றங்களைக் கூடிப் பேசும் ஒரு சங்கத்தில் உறுப்பினர். குறுக்கெழுத்துப் புதிர் பிடிக்குமென்றால் 2019-ல் வந்த கிராஸ்வேர்ட் மிஸ்டரீஸ். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் புதிர் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தார்.

எல்லாவற்றுக்கும் முந்தியது 2003 முதல் 2007 வரை வந்த மிஸ்டரி வுமன். மர்ம நாவல் மட்டும் விற்கும் புத்தகக் கடை, பதினொரு படங்கள். இதை யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜெனிஃபரின் கராஜ் சேல் மிஸ்டரி ஏன் திடீரென்று நின்றது?

நாயகி லோரி லாக்லின் மீது 2019 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி அனுமதி முறைகேட்டு வழக்கு வந்தது. ஹால்மார்க் உடனே அவரோடு உறவை முறித்தது. அடுத்த ஆண்டு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

படம் முடிவதற்குள் கொலையாளியைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி சொல்லுங்களேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஹால்மார்க் படங்கள் இரண்டு மணி நேர ஒளிபரப்புக்காக எடுக்கப்படுபவை. விளம்பரம் போக ஏறக்குறைய 84 நிமிடம். பாதிப் படத்தில் கைதாகிறவர் அநேகமாக நிரபராதி. ஆரம்பத்தில் அன்பாக வந்து ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, காரணமே இல்லாமல் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறவரைக் கவனியுங்கள்.

ஜெசிகா கதை என்றால் வேறு மாதிரி. யாரோ சாதாரணமாக ஏதோ சொல்வார்கள், மழை பெய்தது, விளக்கு எரியவில்லை என்கிற மாதிரி. லான்ஸ்பரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிடும். அங்கே படத்தை நிறுத்திவிட்டு, அந்த வாக்கியத்தை எழுதி வையுங்கள். பல கதைகளில் கொலையாளி மாட்டுவது வாய் தவறித்தான், தனக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுவார்.

மரணத்தை விளையாட்டாக்குகிற படங்கள் என்று என் நண்பர் திட்டுகிறார். உங்கள் பதில்?

மோசமான படங்களைப் பார்த்திருந்தால் அவர் சொல்வது நியாயம். 1985-ல் ஹிக்சன் நடித்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' அவருக்குக் காட்டுங்கள். உள்ளூர்ப் பத்திரிகையில், இன்ன வீட்டில் இன்ன நேரத்தில் கொலை நடக்கும் என்று விளம்பரம் வருகிறது. ஏதோ விளையாட்டு என்று ஊரே கிளம்பி வருகிறது. மணி அடிக்கிறது, விளக்கு அணைகிறது.

கதை நடப்பது இரண்டாம் உலகப் போர் முடிந்து சர்க்கரையும் வெண்ணெயும் ரேஷனில் கிடைத்த காலத்தில். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் யார் மகன், யார் பேரன் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அவரவர் தன்னைப் பற்றிச் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்று மார்ப்பிள் கவலைப்படுகிறார். கதையே அதுதான். அதில் இறப்பவர்களில் ஒருவருக்காக நான் அழுதிருக்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. ரத்தம் பார்த்தால் தூக்கம் வராது. எங்கிருந்து தொடங்கட்டும்?

ஹானா ஸ்வென்சன் முதல் படம். சமையலறை, அக்கா தங்கை சண்டை, கல்யாணம் பண்ணிக்கொள் என்று விரட்டும் அம்மா எல்லாம் இருக்கிறது, அவருக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து ஹிக்சனின் நூலகக் கதையைப் போடுங்கள். நகங்கள் வரும் இடத்தில் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அம்மா உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்.