பழைய விதிப்புத்தகம் இருக்க, புதுப் பதிப்பு வாங்க வேண்டுமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும்போது சேர்ந்த ஐந்து பேர் நாங்க. இப்பவும் ஞாயித்துக்கிழமை ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுதோம். 2014 பதிப்பு மூணு புத்தகமும் (பிளேயர்ஸ் ஹேண்ட்புக், மான்ஸ்டர் மேனுவல், டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு) பங்கு போட்டு வாங்கினது. 2024 பதிப்பு வந்தாச்சு, மூணையும் மாத்தணும்னு செட்டில் ரெண்டு பேர் ஒத்தக்காலில் நிக்காங்க. எங்க கேம்பெய்ன் (வாராவாரம் தொடருற ஒரே கதை) பாதியில் இருக்கு. பழசு வீணா? — மகாராஜநகர் வாசகர்

பதில்: வீண் இல்லை தம்பி. கையில் இருக்கும் கேம்பெய்ன் முடியும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டி ஆடும் இந்த விளையாட்டு 1974இல் வந்தது. விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் கைக்கு வந்தபிறகு 2000இல் மூன்றாம் பதிப்பு, 2003இல் அதையே திருத்தி 3.5, 2008இல் நான்காம் பதிப்பு, 2014இல் ஐந்தாம் பதிப்பு என்று வந்தன. மூன்றிலிருந்து நான்குக்குப் போனவர்கள் தங்கள் கேரக்டர்களை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. 2024இல் வந்தது அந்த மாதிரி இல்லை. அதே ஐந்தாம் பதிப்பின் திருத்தம்தான். 2014 முதல் வாங்கிய சாகசக் கதைப் புத்தகங்களைப் புது விதிகளோடும் ஓட்டலாம்.

ஆனால் ஒரே மேசையில் ஒருவர் பழைய புத்தகமும் இன்னொருவர் புதியதும் வைத்து ஆடினால் தகராறு வரும். பழைய புத்தகத்தில் காயம் ஆற்றும் 'கியூர் வூண்ட்ஸ்' மந்திரத்துக்கு முதல் லெவலில் ஒரு எட்டுமுக டைஸ். புதியதில் இரண்டு. சராசரி நாலரையாக இருந்தது ஒன்பதாகிவிடுகிறது. ஆயுதத்திலும் இதே கதை. புது விதியில் போர்வீரர் வகைகளுக்கு 'வெப்பன் மாஸ்டரி' என்று ஒன்று உண்டு. அதன்படி கிரேட்ஸ்வோர்டு வைத்திருப்பவன் குறி தவறினாலும் எதிரிக்குக் கொஞ்சம் காயம் விழும். பழைய புத்தகத்தில் அதே வாளோடு நிற்பவனுக்கு அது கிடையாது. பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் சலுகை என்று மனதில் பட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போகும். அதனால் மாறுவதென்றால் ஐந்து பேரும் சேர்ந்து மாறுங்கள், அதுவும் அடுத்த கேம்பெய்ன் தொடங்கும்போது.

உங்கள் செட்டில் ஹாஃப் எல்ஃப் யாராவது ஆடுகிறார்களா? புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஹாஃப் எல்ஃபும் ஹாஃப் ஆர்க்கும் தனி இனமாக இல்லை. ஆசிமர், கோலியாத், ஆர்க் உள்ளே வந்திருக்கின்றன. விட்டுப்போனதை உங்கள் பழைய புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதற்காகவே அதைப் பத்திரமாக வையுங்கள்.

மாறுவதென்று முடிவானாலும் மூன்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். செட்டுக்கு ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் முதலில் போதும். 384 பக்கம். அமெரிக்காவில் 49.99 டாலர் என்று விலை போட்ட புத்தகம், இங்கே கடைக்குக் கடை விலை மாறும், அவசரப்படாமல் விசாரியுங்கள். அடுத்தது மான்ஸ்டர் மேனுவல், அதுவும் பழைய மிருகங்கள் உங்கள் ஆட்களிடம் சுலபமாகத் தோற்கின்றன என்று உங்கள் டிஎம் (கதை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்) சொன்னால் மட்டும். டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு கடைசியில். கோட்டை கட்டி ஆளும் 'பாஸ்டியன்' விதிகளும் கிரேஹாக் என்ற கதை உலகமும் அதில் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் வருடக்கணக்காகக் கதை நடத்துகிறவருக்கு அந்தப் புத்தகத்தின் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

புத்தகத்துக்குப் பதிலாக டிஜிட்டலில் வாங்கலாமே என்று ஒரு யோசனை வரும். 2024 ஆகஸ்டில் நடந்ததைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இந்த விளையாட்டின் டிஜிட்டல் புத்தகங்கள் இருக்கும் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் இருந்த பழைய மந்திரங்களையும் மாயப் பொருள்களையும் எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கப் போவதாக நிறுவனம் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள், சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. நல்லபடியாக முடிந்தது என்றாலும், திரையில் வாங்கியதை விற்றவர் நினைத்தால் மாற்ற முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. உங்கள் மாடியில் இருக்கும் அச்சுப் புத்தகத்தில் யாரும் கைவைக்க முடியாது. காகிதத்தில் வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

கேள்வி: இணைப்புப் புத்தகங்கள் ஸனாதர்ஸ் கைடு, டாஷாஸ் கால்ட்ரன் ரெண்டும் விலை குறைச்சு வருது. நண்பன் ஒருத்தன் ஆர்ட்டிஃபிசர்தான் ஆடுவேங்கான். வாங்கலாமா? — தென்காசி வாசகர்

பதில்: நண்பர் ஆர்ட்டிஃபிசர் ஆடப்போவது உறுதி என்றால் டாஷாஸ் வாங்குங்கள். 2014 ஹேண்ட்புக்கிலும் அந்த வகுப்பு (கேரக்டரின் தொழில் வகை) இல்லை, 2024இலும் இல்லை. 2020இல் வந்த டாஷாஸ் புத்தகத்தில் முழுசாக இருக்கிறது.

மற்றபடி நீங்கள் எந்த ஹேண்ட்புக் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 ஹேண்ட்புக் இருந்தால், இந்த இரண்டிலும் பேர்வாங்கிய சப்கிளாஸ்களில் (வகுப்பின் உட்பிரிவுகளில்) பல அதிலேயே திருத்தி வந்துவிட்டன. 2017இன் ஸனாதர்ஸிலிருந்து கிளூம் ஸ்டாக்கர், ஸீலட், செலஸ்டியல். டாஷாஸிலிருந்து சோல்நைஃப், சை வாரியர், வே ஆஃப் மெர்சி, கிளாக்வொர்க் சோல். இவற்றுக்காக வாங்கினால் ஒரே சரக்குக்கு இரண்டு தடவை காசு கொடுத்ததாகும். 2014 ஹேண்ட்புக்கோடு நிற்பவர்களுக்கு ஸனாதர்ஸ் இன்னும் நல்ல வாங்கல்தான்.

இன்னொன்று. அச்சுப்பிழை, விதித் திருத்தம் எல்லாம் நிறுவனமே இலவசமாக வெளியிடுகிறது. திருத்தத்துக்காக யாரும் புதுப் பிரதி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆன்லைனில் 2024 ஹேண்ட்புக் ஆர்டர் போட்டேன், 2014 புத்தகம் வந்தது. புத்தகத்துக்கு ரிட்டர்ன் இல்லை என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். — வள்ளியூர் வாசகர்

பதில்: இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு புத்தகத்துக்கும் ஒரே பெயர், எந்த அட்டையிலும் எத்தனையாவது பதிப்பு என்று போடவில்லை. பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பாருங்கள். 5601 என்று முடிந்தால் 2014, 9517 என்று முடிந்தால் 2024இன் வழக்கமான அட்டை. ஆர்டர் போடும் முன்பே அந்தப் பக்கத்தில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் 2024 என்று எழுதியிருந்தால், அல்லது 2024 அட்டைப்படமோ எண்ணோ போட்டிருந்தால், 'ரிட்டர்ன் இல்லை' என்ற பேச்சு செல்லாது. சொன்ன தன்மைக்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அவர்கள் மாற்றிவிடலாம். பில்லும், வந்த புத்தகத்தின் பின்னட்டைப் படமும் கூட இருக்கட்டும்.

நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் மேலே போவதென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. விளம்பரத்தில் வருடமே இல்லாமல், படமும் பழைய அட்டையாக இருந்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். அப்போது பேசிப் பார்த்து மாற்றிக்கொள்வதே வழி.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. தோழிகளோடு இந்த ஆட்டம் ஆடணும் என்கிறாள். ஜெராக்ஸ் கடையில் முழுப் புத்தகமும் பைண்டிங் போட்டுத் தருகிறார்களாம். எவ்வளவு செலவாகும்? — அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: அந்த ஜெராக்ஸ் வேண்டாம் அம்மா, அது காப்புரிமை மீறல். அதற்குத் தேவையும் இல்லை.

நிறுவனமே அடிப்படை விதிகளை 'எஸ்ஆர்டி 5.2' என்ற பெயரில் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டது. பழைய விதிகளுக்கு 5.1 என்று ஒன்று 2023 ஜனவரியிலேயே அப்படி வந்துவிட்டது. உரிமத்தை மாற்றப் பார்த்த நிறுவனத்தை எதிர்த்து உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் குரல் கொடுத்ததால் கிடைத்தது அது. இவற்றை நகல் எடுக்கலாம், தோழிகளுக்குக் கொடுக்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழில் மொழிபெயர்த்தும் ஆடலாம். பிள்ளைகள் அதைச் செய்தால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

5.2 முந்நூற்றைம்பது பக்கத்தைத் தாண்டும். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்க வேண்டாம். ஆட்டத்தில் உள்ள பன்னிரண்டு கேரக்டர் வகுப்புகளில் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் வகுப்பின் பக்கங்கள், அவரவர் மந்திரங்கள், சண்டை விதிகள், இவ்வளவு போதும். மிருகங்கள் பகுதியைக் கதை சொல்லும் பிள்ளை போனில் பார்த்துக்கொள்ளட்டும். ஏழு டைஸ் கொண்ட செட் ஒன்று வாங்குங்கள்: நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகத்தில் ஒவ்வொன்று, பத்துமுகத்தில் இரண்டு. முதல் மாதத்துக்கு ஒரு செட்டையே எல்லோரும் மாற்றி மாற்றி உருட்டலாம். ஹேண்ட்புக் வேண்டும் என்று மகள் கேட்டால் முழுப்பரீட்சை முடிந்தபிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அதற்குள் எந்த வகுப்பு பிடிக்கிறது, கதை சொல்ல விருப்பமா ஆட விருப்பமா என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.