அருவி போன ஹோட்டலில் 2066 வரை குத்தகை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். எனக்கு 38 வயது, கணவருக்கு 41, மகளுக்கு 9. கல்யாணமான புதிதில், 2012-ல், ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் உள்ள பாலினேஷியன் ஹோட்டலில் நான்கு நாள் தங்கினோம். அன்றிலிருந்து அவருக்கு அது குலதெய்வக் கோயில் மாதிரி. இப்போது அங்கே ‘ஐலண்ட் டவர்’ என்று புதிதாகக் கட்டி டைம்ஷேர், அதாவது வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமை, விற்கிறார்கள். போன முறை போனபோது உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். வருடத்துக்கு 150 பாயிண்ட் கிடைக்கும், அதைக் கொடுத்துத் தங்கலாம், விலை பாயிண்டுக்கு 230 டாலர் என்றார்கள். இரண்டு படுக்கையறை, சமையலறை எல்லாம் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. திருச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தால் எல்லோரும் ஒன்றாகத் தங்கலாம். அவரோ, “லாபியில் இருந்த அருவியை எடுத்தபோதே பாதி போச்சு, இந்த டவர் மீதியையும் கெடுத்துவிட்டது” என்கிறார். ரசிகர் குழுவில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை இதே சண்டை. ஆனால் வாங்க அவரும் தயார்தான், பழைய கட்டடத்து ஸ்டுடியோவுக்காக (ஒற்றை அறை)! சேமிப்பில் 40,000 டாலர் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் இருவரும் ஒரே பத்திரத்தில் இரண்டு வெவ்வேறு ஹோட்டல்களை வாங்கப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது 2024 டிசம்பரில் திறந்த கட்டடம். அவருக்கு வேண்டியது 2012-ல் பார்த்த ஹோட்டல். முதலாவது விற்பனைக்கு இருக்கிறது. இரண்டாவதை இனி யாராலும் விற்க முடியாது.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபரில் திறந்தபோது அதோடு சேர்ந்து திறந்த இரண்டு ஹோட்டல்களில் ஒன்று இது. ஏரிக்கரையில் நீளநீளமான தாழ்ந்த கட்டடங்கள், நடுவில் பெரிய மண்டபம், அதன் லாபியில் செடிகொடிகளுக்கு நடுவே கொட்டும் அருவி. உள்ளே நுழைந்ததும் அந்த ஈரக்காற்றும் தண்ணீர்ச் சத்தமும்தான் பலருக்கு விடுமுறையின் தொடக்கம். 2014-ல் அதை எடுத்துவிட்டுச் சின்ன நீரூற்று ஒன்றை வைத்தார்கள். 2015-ல் ஏரிமேல் இருபது தனிக் குடில்களைக் கட்டி, கரையிலிருந்து தெரிந்த காட்சியில் ஒரு பகுதியை மறைத்தார்கள். 2021-ல் ஹோட்டல் அறைகளுக்கு ‘மோவானா’ கார்ட்டூன் பட வேஷம் போட்டார்கள். கடைசியாக, இரவு விருந்தும் நடனமும் நடந்துகொண்டிருந்த இடத்தில் டவர் வந்து நின்றது. தாழ்ந்த வீடுகள் உள்ள கிராமத்துக்கு நடுவே அடுக்குமாடி எழும்பினால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். டவருக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் சொல்வதும் சரிதான்: அதுவரை அங்கே டைம்ஷேர்காரர்களுக்குக் கிடைத்ததெல்லாம் 360 ஸ்டுடியோக்களும் அந்த எட்டாத விலைக் குடில்களும்தான். நடுத்தரமாக ஒரு படுக்கையறை, இரண்டு படுக்கையறை வீடு என்று எதுவுமே இல்லை.

அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். பத்தே வருடத்தில் லாபி, ஏரிக்கரை, அறைகள், வானம் எல்லாம் மாறிவிட்டன. இதில் எதற்காவது ரசிகர்களிடமோ பாயிண்ட் வைத்திருந்தவர்களிடமோ ஓட்டுக் கேட்டார்களா? நீங்கள் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தம் 2066 ஜனவரி 31 வரை ஓடும். இன்னும் இப்படி நான்கு சுற்று வரலாம்.

இது டிஸ்னி வெக்கேஷன் கிளப், சுருக்கமாக டிவிசி. 1991-ல் தொடங்கியது. பத்திரம் பதிவாகும், உங்கள் பெயரும் இருக்கும், ஆனால் நிலம் டிஸ்னியுடையது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பட்டா இல்லை, குத்தகை. 2066-ல் குத்தகை முடிந்ததும் எல்லாம் டிஸ்னிக்கே திரும்பிப் போகும். அப்போது உங்களுக்கு எண்பது நெருங்கியிருக்கும், உங்கள் மகளுக்கு ஐம்பது. அவளுக்கு எழுதி வைக்க ஒன்றும் மிஞ்சாது. நடுவில் எழுதி வைத்தாலும் பாயிண்டோடு சேர்த்து வருடாந்தரக் கட்டணமும் அவள் தலையில்தான் விழும்.

அந்தக் கட்டணத்தைப் பற்றி ரசிகர் குழுக்களில் அருவி அளவுக்கு யாரும் பேசுவதில்லை. பேச வேண்டியது அதைத்தான். வருடா வருடம் பாயிண்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அதில் அன்றாடப் பராமரிப்பு, சொத்து வரி, அப்புறம் ‘மூலதன இருப்பு’ என்று ஒரு பங்கு. இந்தக் கடைசிப் பங்குதான் புதுப்பித்தலுக்கான உண்டியல். ஹோட்டல் அறைக்குப் புதுக் கட்டிலும் திரைச்சீலையும் போட்டால் செலவு டிஸ்னியுடையது. டைம்ஷேர் ஸ்டுடியோவுக்குப் போட்டால் செலவு உங்களுடையது. டிசைன் மட்டும் அவர்களுடையது. உங்கள் கணவருக்குப் பிடிக்காத சுவர்ச் சித்திரத்துக்கு அவரே காசு கொடுக்கும் நாள் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

150 × 230 = 34,500 டாலர். பதிவுச் செலவு தனி. வருடக் கட்டணத்தைப் பாயிண்டுக்குச் சுமார் 9 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன், அதாவது வருடத்துக்கு 1,350. வாங்காமலே தங்க ஒரு வழி உண்டு: பாயிண்ட் வைத்திருப்பவர்கள் தங்களால் போக முடியாத வருடத்தில் அதை வாடகைக்கு விடுவார்கள். அதைப் பாயிண்டுக்கு 20 டாலர் என்று போடுவோம். அப்படியானால் சொந்தப் பாயிண்ட் வைத்திருப்பதால் உங்களுக்கு மிச்சம் பாயிண்டுக்கு 11 டாலர், வருடத்துக்கு 1,650. போட்ட 34,500-ஐ 1,650 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 21 வருடம். ஒரு வருடம்கூட விடாமல் போனால், உங்கள் 59-வது வயதில் போட்ட முதல் திரும்பும்.

வாடகையும் ஏறும், அதனால் மிச்சமும் கூடும் என்பார் விற்பனைக்காரர். உண்மைதான். ஆனால் 34,500 டாலரை சும்மா ஒரு நல்ல டெபாசிட்டில் போட்டிருந்தாலும் வட்டி வந்திருக்கும். ஒன்றை ஒன்று ஓரளவு தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் இந்த 21 வருடக் கணக்கு மோசமான மதிப்பீடு இல்லை.

இதே பாலினேஷியன் பாயிண்டை முன்பு வாங்கியவர்களிடமிருந்து ரீசேலில் வாங்கலாம். 140 டாலருக்குக் கிடைத்தால் மொத்தம் 21,000. முதல் திரும்ப 13 வருடம்கூட ஆகாது. வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொண்ட விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு என்பதால் சில நேரம் பேரம் கைநழுவிப் போகும், அவ்வளவுதான். வித்தியாசம் 13,500 டாலர். இதற்கு என்ன இழக்கிறீர்கள்? உறுப்பினர் சலுகைகள் சில கிடைக்காது. 2019 ஜனவரி 19 முதல் அமலான விதிப்படி, ரிவியரா, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் ஆகிய மூன்று இடங்களில் ரீசேல் பாலினேஷியன் பாயிண்ட் செல்லாது. உங்கள் கடிதத்தில் அந்த மூன்றில் ஒன்றின் பெயர்கூட இல்லை.

டவரில் செல்லுமா? செல்லும். விரிவாக்கச் சண்டையில் பணம் சம்பந்தப்பட்ட உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். டிஸ்னி இதற்கு முன்பு இரண்டு விதமாகவும் செய்திருக்கிறது. 2017-ல் வில்டர்னஸ் லாட்ஜ் ஹோட்டலில் காப்பர் க்ரீக் என்ற பகுதியைத் தனிச் சங்கமாக, அதாவது பாயிண்ட் வைத்திருப்பவர்களின் தனிக் குழுவாக, விற்றது. 2022-ல் கிராண்ட் ஃப்ளோரிடியனில் ஒரு ஹோட்டல் கட்டடத்தையே டைம்ஷேராக மாற்றி, ஏற்கெனவே இருந்த சங்கத்தில் சேர்த்தது. ஐலண்ட் டவர் எந்த வழியில் போகும் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதாடினார்கள். கடைசியில் பழைய சங்கத்திலேயே சேர்த்தார்கள். அதனால் பழைய பாயிண்ட் வைத்திருப்பவரும் டவரில் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். டவருக்காக வாங்கியவரும் பழைய ஸ்டுடியோவைப் பதிவு செய்யலாம். பந்தியில் இலை கூடியிருக்கிறது, உட்காரும் ஆட்களும் கூடியிருக்கிறார்கள். உங்கள் கணவர் ஆசைப்படும் அந்தப் பழைய ஸ்டுடியோவுக்கு இனிமேல் போட்டி எப்படி இருக்கும் என்று அவரே குழுவில் கேட்டுப் பார்க்கட்டும். (குழுவால் ஒரு பிரயோஜனம் வேண்டாமா?)

இப்போது உங்கள் ஆசை. 150 பாயிண்டில் இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு வாரம் தங்க முடியாது. ஸ்டுடியோவில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடைக்கும், சீசனைப் பொறுத்து. போன வருடத்துப் பாயிண்டைச் சேர்த்துவைத்து, அடுத்த வருடத்துப் பாயிண்டை முன்கூட்டியே எடுத்து, மூன்று வருடத்தை ஒன்றாகத் திரட்டினால் பெரிய வீடு எட்டும். அதாவது மூன்று வருடத்துக்கு ஒரு முறை. அந்த நேரம் பார்த்து மாமனார் மாமியார் வர வேண்டும். அவர்களுக்கு விசா இருக்கிறதா? இல்லையென்றால் நேர்காணலுக்குத் தேதி கிடைத்து, முத்திரை விழுந்து, டிக்கெட் போட்டு… இங்கேயோ 11 மாதம் முன்பே அறையைப் பிடிக்க வேண்டும். தேதி தவறி அறையை ரத்து செய்தால், தாமதத்தைப் பொறுத்து அந்தப் பாயிண்டைப் பயன்படுத்துவதே கஷ்டமாகிவிடும். வயதான பெரியவர்களின் பயணத்தை நம்பி 34,500 டாலர் போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் மகளின் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். நவம்பர் முதல் வாரம் ஆசிரியர் மாநாட்டுக்காக நியூஜெர்சிப் பள்ளிகள் மூடுகின்றனவே, அந்த ‘ஜெர்சி வாரத்தில்’ உங்கள் தெருவில் பாதிப்பேர் ஆர்லாண்டோவில்தான் இருப்பார்கள். எல்லோரும் கேட்கும் தேதியையே நீங்களும் கேட்பீர்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று. 40,000-ல் 34,500 போனால் கையில் 5,500. எடிசனில் வீட்டுத் தவணையோ வாடகையோ கட்டிக்கொண்டு இருக்கும் குடும்பத்துக்கு அது எத்தனை மாதம் வரும்? வேலைகள் இன்று இருக்கும் நிலையில் ஆறு மாதச் செலவைத் தொடாமல் வைக்கச் சொல்வேன். மகளின் காலேஜ் கணக்கைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அவளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. ‘அப்படியானால் லோன் போட்டுக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வகைக் கடனுக்கு இரட்டை இலக்க வட்டி. பத்து சதவீதம் முன்பணம் கட்டி, மீதியை 11 சதவீதத்தில் பத்து வருடத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் 20,000 டாலரைத் தாண்டும். பிற்பாடு நஷ்டத்துக்கு விற்றால், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த டைம்ஷேர் என்பதால் அந்த நஷ்டத்தை வரியில் கழிக்கவும் முடியாது.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு மாலில் கூப்பன் எழுதிப்போட்டேன். ‘பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வாருங்கள்’ என்று போன் வந்தது. போனால் ஏ.சி. ஹாலில் இரண்டு மணி நேரம் விடுமுறைக் கிளப் பிரசங்கம். பக்கத்து மேஜையில் யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்துக் கைதட்டுவார்கள். என் மனைவி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருந்ததால் பிழைத்தேன். பரிசு, ஒரு பிளாஸ்டிக் டிபன் செட். டிஸ்னியில் அந்த அமளி கிடையாது, மென்மையாகத்தான் பேசுவார்கள். மென்மையாகப் பேசினாலும் ‘அடுத்த வாரம் விலை ஏறுகிறது’ என்ற வாசகம் எங்கேயும் ஒன்றுதான்.

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தால்: ஃப்ளோரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 காலண்டர் நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். எழுத்தில் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் எந்த முகவரி, எந்த முறை என்று போட்டிருக்கிறதோ அதே முறையில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னது செல்லாது. அந்த ஹோட்டலுக்குக் கையெழுத்தில் ஒரு ராசி இருக்கிறது, தெரியுமா? 1974 டிசம்பரில் ஜான் லெனன் பீட்டில்ஸ் இசைக்குழுவின் கூட்டணியைச் சட்டப்படி கலைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டதும் அங்கே தங்கியிருந்தபோதுதான்.

என் யோசனை: இப்போது வாங்க வேண்டாம். வரும் விடுமுறைக்கு வாடகைப் பாயிண்டில் டவரில் ஒரு படுக்கையறை வீட்டை எடுத்துத் தங்குங்கள். அதற்கடுத்த முறை பழைய கட்டடத்து ஸ்டுடியோ. வாடகைக்கு எடுக்கும்போது பணத்தை ஒரே தவணையில் முன்பின் தெரியாதவர் கணக்குக்கு அனுப்பாமல், இடைத்தரகர் நிறுவனம் வழியாக, ஒப்பந்தம் போட்டு எடுங்கள். இரண்டும் முடிந்து, ஆறு மாதச் செலவும் காலேஜ் கணக்கும் தனியே நிற்கும்போது, இருவரும் ஒரே கட்டடத்தின் பெயரைச் சொன்னால் ரீசேலைப் பார்க்கலாம். அப்போது எனக்கு எழுதுங்கள். அந்த வருடத்துப் பராமரிப்புக் கட்டண விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் கணவர் அந்த நாளிலும் அருவியைப் பற்றித்தான் பேசுகிறார் என்றால், 2012 போட்டோவைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கூடத்தில் மாட்டிக் கொடுங்கள். ஐம்பது டாலருக்குள் முடியும்.